தேறிய மகள், தேறாத மகன்

1842-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து அரசி விக்டோரியாவுக்கும் அவருடைய கணவர் ஆல்பர்ட்டுக்கும் வயது 22. மூத்த மகள் விக்கிக்கு ஒன்றேகால் வயது. மகன் பெர்ட்டி நான்கு மாதக் கைக்குழந்தை. அந்த நேரத்திலேயே, இந்த இரண்டு பிள்ளைகளையும் எப்படி வளர்த்து ஆளாக்க வேண்டும் என்று ஒரு நீண்ட குறிப்பு எழுதப்பட்டது. எழுதியவர் ஆல்பர்ட்டின் நெருங்கிய ஆலோசகர், ஜெர்மானியரான பரோன் ஸ்டாக்மார். மருத்துவம் படித்தவர். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகன்கள், அதாவது விக்டோரியாவின் பெரியப்பா, சித்தப்பாமார், கடனிலும் களியாட்டத்திலும் விழுந்து முடியாட்சியின் மானத்தை வாங்கிவிட்டார்கள். அவர்கள் வளர்க்கப்பட்ட விதமே அதற்குக் காரணம் என்பது அவருடைய வாதம். விக்டோரியாவுக்கு முன் ஆண்ட நான்காம் வில்லியத்துக்கு ஒரு நடிகை மூலம் 10 பிள்ளைகள் இருந்தார்கள். அரியணை ஏறத் தகுதியுள்ள ஒரு பிள்ளைகூட அவருக்குத் தங்கவில்லை. எனவே அரச குழந்தையின் ஒழுக்கம் வீட்டு விஷயம் ஆகாது, நாட்டு விஷயம் என்று ஸ்டாக்மார் வலியுறுத்தினார்.

விக்டோரியாவின் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெர்ட்டியிடமே நின்றுவிடுகிறார்கள். கண்டிப்பான பெற்றோர், அதனால் கெட்டுப்போன மகன் என்று கதை முடிந்துவிடுகிறது. விக்கியைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் திட்டத்தில் முழுமையாகத் தேறியவர் அவர். தேறியதாலேயே அதை இன்னொரு நாட்டுக்கும் அடுத்த தலைமுறைக்கும் கொண்டுபோனார். தேறாத தம்பி தன் பிள்ளைகளிடம் அதைத் தொடவே இல்லை.

பெற்றோர் இருவரும் இந்தக் குறிப்பை அவ்வளவு ஆவலோடு ஏற்றுக்கொண்டதற்கு அவர்களுடைய சொந்த இளமையே காரணம். விக்டோரியா எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது தந்தை கென்ட் கோமகன் இறந்துபோனார். தாயும், தாயின் குடும்பப் பொறுப்பை நடத்திய சர் ஜான் கான்ராயும் சிறுமியைக் கென்சிங்டன் அரண்மனைக்குள் பொத்திப் பொத்தி வைத்தார்கள். யாராவது கையைப் பிடித்துக்கொள்ளாமல் மாடிப்படி இறங்கக்கூடாது. தாயின் அறையில்தான் படுக்க வேண்டும். 13 வயதில் தொடங்கிய நாட்குறிப்பைத் தாய் படித்துப் பார்ப்பார். விளையாட வேறு பிள்ளைகள் அனேகமாக இல்லை. 132 மரப்பொம்மைகள் இருந்தன. பாதுகாவலாக இருந்த பரோனஸ் லேசன் என்ற ஜெர்மானியப் பெண்ணோடு உட்கார்ந்து, நாடக மேடையிலும் அரசவையிலும் பார்த்தவர்களின் சாயலில் அவற்றுக்கு உடை தைத்துப் போட்டாள் அந்தச் சிறுமி. 18 வயது நிரம்பும் முன் அவள் அரசியாகிவிட்டால் தாய் ஆட்சிப் பொறுப்பேற்பார், தாயைத் தான் ஆளலாம் என்பது கான்ராயின் கணக்கு. 1837 மே 24-இல் விக்டோரியாவுக்கு 18 நிறைந்தது. ஜூன் 20-இல் மன்னர் இறந்தார். அரசியானதும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தன் கட்டிலைத் தாயின் அறையிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னது.

ஆல்பர்ட்டின் காயம் வேறு மாதிரியானது. கோபர்க் அரண்மனையில் அவருக்கு ஐந்து வயதானபோது தாய் லூயிஸ் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். மணமுறிவுக்குப் பின் வேறொருவரை மணந்து, 1831-இல் புற்றுநோயில் இறந்தார். பிள்ளைகளை மறுபடி பார்க்க அவருக்கு வாய்க்கவே இல்லை. தாயற்ற வீட்டில், ஓர் ஆசிரியரின் அரவணைப்பில், நேரம் பிரித்துப் படித்து முன்னுக்கு வந்த பையன் ஆல்பர்ட். படிப்புதான் தன்னைக் காப்பாற்றியது என்று அவர் நம்பியதில் வியப்பில்லை.

இந்த இருவரும் 17 ஆண்டுகளுக்குள் ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார்கள். ஒன்பதும் பிழைத்து வளர்ந்தன. அந்தக் காலத்தில் அரண்மனைகளிலேயே அது அரிது.

ஆனால் தொடக்கமே சச்சரவுதான். 1842 ஜனவரியில் குழந்தை விக்கி இளைத்துப் போனாள். குழந்தைகளின் பகுதியை அதுவரை தன் பிடியில் வைத்திருந்த லேசனையும், ரசக் கலவையான காலமெல் மருந்தைக் கொடுத்து வந்த அரண்மனை வைத்தியரையும் ஆல்பர்ட் கடுமையாகச் சாடினார். கணவன் மனைவிக்குள் பெரிய சண்டை மூண்டு, இருவரும் ஸ்டாக்மார் வழியாகக் கடிதத்தில் பேசிக்கொள்ளும் அளவுக்குப் போனது. தன் தனிமைக்கு ஒரே துணையாக இருந்த லேசனை அந்த ஆண்டின் செப்டம்பரில் விக்டோரியா ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார். குழந்தைகளின் பொறுப்பு லேடி லிட்டில்டன் என்ற விதவைக்கு வந்தது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், பொறுமைசாலி. அவர் எழுதிய கடிதங்கள் இல்லையென்றால் அந்த அறைகளுக்குள் என்ன நடந்தது என்பதில் பாதி நமக்குத் தெரியாது. குழந்தைகளுக்குத் தீங்கு செய்வோம் என்று மிரட்டிக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. விக்கி பிறந்த சில நாட்களிலேயே அரசியின் படுக்கையறைக்குப் பக்கத்து அறையில், சோபாவுக்கு அடியில் ஒரு தெருப்பையன் ஒளிந்திருந்து பிடிபட்டான். குழந்தைகள் தூங்கும் பகுதிக்குப் பல பூட்டுகள் போட்டு, அவற்றின் தலைமைச் சாவியை ஆல்பர்ட் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

விக்கி ஸ்டாக்மாரின் குறிப்புக்கே பிறந்தவளைப் போல் இருந்தாள். மூன்று வயதில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றும் அவள் நாவில் புரண்டன. மட்டக்குதிரையில் போகும்போது எதிரே விரிந்த காட்சியைப் பார்த்து, பிரெஞ்சுக் கவி லாமார்த்தீனின் வரி ஒன்றைப் பொருத்தமாகச் சொல்லி ஆசிரியையைத் திகைக்க வைத்தாள். பெர்ட்டிக்குப் பேச்சு தாமதமாக வந்தது, கொஞ்சம் திக்கியது. ஒரே வகுப்பில் அக்காவோடு உட்கார வைக்கப்பட்டதே அவனுக்கு முதல் தண்டனை. அவளுக்குச் சட்டென்று விளங்கியது அவனுக்கு விளங்காது. அவன் புத்தகத்தை வீசுவான், காலை உதைப்பான், அலறுவான்.

ஏழு வயது முடிந்ததும், 1849-இல், ஹென்றி பர்ச் என்ற இளம் ஆசிரியரிடம் அவன் ஒப்படைக்கப்பட்டான். முந்தைய ஆண்டு, 1848, ஐரோப்பிய அரசர்களின் நெஞ்சில் நெருப்பை வைத்த ஆண்டு. பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் நாட்டைவிட்டு ஓடி இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்திருந்தார். வாக்குரிமை கேட்டுப் போராடிய சார்ட்டிஸ்டுகளின் பேரணிக்குப் பயந்து, பிறந்து மூன்று வாரமே ஆன மகள் லூயிஸையும் தூக்கிக்கொண்டு விக்டோரியா குடும்பமே லண்டனை விட்டு வைட் தீவுக்குப் போனது. அரியணைகள் ஆடும் காலத்தில் வாரிசின் கணக்குப் பாடமும் அரசியல் ஆகிவிடுகிறது. பர்ச்சுக்குச் சிறுவனின் குறை என்னவென்று புரிந்தது. ஒத்த வயதுப் பையன்களோடு அவன் பழகுவதே இல்லை என்று அவர் எடுத்துச் சொன்னார். ஈட்டன் பள்ளியிலிருந்து சில மாணவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்கள் விளையாடும்போது ஆல்பர்ட்டும் அங்கேயே நின்றார்.

1852 ஜனவரியில் பர்ச் விலகினார். பத்து வயதுப் பையன் அவருடைய தலையணையில் சிறுசிறு பரிசுகளையும் அன்பான சீட்டுகளையும் வைத்துவந்ததாக அரசவைப் பெண் ஒருவர் கடிதத்தில் பதிந்திருக்கிறார். அடுத்து வந்த ஆசிரியர் கிப்ஸிடம், பர்ச் போய்விட்டதால் நாங்கள் இன்று வாட்டமாக இருக்கிறோம், தவறாக நினைக்காதீர்கள் என்று முதல் நடையிலேயே மரியாதையாக விளக்கம் சொன்னவனும் அவன்தான். அன்பையும் பிறர் மனம் அறியும் பக்குவத்தையும் இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை எப்படிக் காட்டும்? ஆனால் ஆசிரியர் பெற்றோருக்குத் தந்த அன்றாட அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை. கிப்ஸின் காலத்தில் வாரத்தில் 6 நாள், நாளுக்கு 6, 7 மணி நேரம் பாடம்; அதன்பின் உடல் சோரும்வரை குதிரையேற்றமும் பயிற்சியும். அவன் களைத்தான், வெறிகொண்டான், கையில் கிடைத்ததை எறிந்தான். பெற்றோர் பாடத்தைக் குறைக்கவில்லை. மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணம் சொல்லும் எடின்பரோக்காரர் ஜார்ஜ் கூம் என்பவரை அழைத்து அவன் தலையைப் பரிசோதிக்கச் சொன்னார்கள்.

இதை வைத்து ஆல்பர்ட்டைக் கல்நெஞ்சர் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். பிள்ளைகளோடு தரையில் உருண்டு விளையாடிய தந்தை அவர். வைக்கோல் குவியலில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினார், பட்டம் விட்டார், ஓஸ்பர்ன் கடலில் நீந்தக் கற்றுக்கொடுத்தார். 1845-இல் வைட் தீவில் வாங்கிய ஓஸ்பர்ன் மாளிகைதான் அந்தக் குடும்பத்தின் உண்மையான வீடு. அங்கே 1854-இல் பிள்ளைகளுக்கென்றே சுவிஸ் பாணியில் ஒரு மரவீடு எழுந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காய்கறிப் பாத்தி, உயரத்துக்கேற்ற மண்வெட்டி, பெயரின் முதலெழுத்துப் பொறித்த தள்ளுவண்டி. விளைந்த காயைத் தோட்டக்காரர் தரம் பார்ப்பார். சந்தை விலைக்கு ஆல்பர்ட் வாங்கிக்கொள்வார். கீழே குழந்தைகளின் உயரத்துக்கு அடுப்பும் பாத்திரங்களுமாக ஓர் உண்மையான சமையலறை. இளவரசிகள் கேக் சுட்டுப் பெற்றோரைத் தேநீருக்கு அழைப்பார்கள். பையன்களுக்கு விளையாட்டுக் கோட்டை ஒன்றும் பின்னர் எழுந்தது. இதுவும் பாடத்திட்டம்தான், ஆனால் இங்கே ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு யாரும் ஒப்பிடவில்லை. அவரவர் பாத்தி அவரவருக்கு. வளர்ந்த பிறகு எல்லாருமே ஏக்கத்தோடு நினைத்துப் பார்த்த இடம் அது.

அந்த 1854 ஆகஸ்டில் ஓஸ்பர்னுக்கு ஒரு விருந்தாளி வந்தார். பஞ்சாபின் மகாராஜா துலீப் சிங், வயது 15. ஐந்து வயதில் அரியணை ஏறி, ஒன்பது வயதில் தாய் ஜிந்த் கவுரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பத்து வயதில் நாட்டையும் கோஹினூர் வைரத்தையும் ஆங்கிலேயரிடம் இழந்தவர். ஒரு ஸ்காட்லாந்து மருத்துவரின் பொறுப்பில், அவரும் திட்டம் போட்டு வளர்க்கப்பட்டார், கிறித்தவராக்கப்பட்டார். விக்டோரியா அவரிடம் உண்மையான பாசம் காட்டினார். அவரைப் படமாக வரைந்தார். தன் ஒரு வயது மகன் லியோபோல்டிடம் அவர் காட்டிய கனிவை நாட்குறிப்பில் எழுதினார். சின்ன இளவரசர்களுக்கு இந்திய உடை போட்டுப் படம் எடுத்தார்கள். அந்நேரம் ஜிந்த் கவுர் நேபாளத்தில் அகதி. மகனை அவர் மறுபடி கண்டது 1861-இல், கல்கத்தாவில் ஒரு ஓட்டலில். அப்போது அவருடைய பார்வை மங்கிப்போயிருந்தது. இரண்டு ஆண்டில் இறந்துவிட்டார். தாயும் தந்தையும் சேர்ந்து பிள்ளைகளோடு வாழ்வதே ஒழுக்கத்தின் அடிப்படை என்று உலகுக்குக் காட்டிக்கொண்டிருந்த வீட்டில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். அவன் தாய் எங்கே என்று அந்த மேசையில் யாருக்கும் கேட்கத் தோன்றாததை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

உலகுக்குக் காட்டியது என்று சொன்னேன். ஓவியர் வின்டர்ஹால்டர் 1846-இல் தீட்டிய குடும்ப ஓவியம் மறு ஆண்டு லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது சுமார் ஒரு லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். பெர்ட்டி மாலுமி உடையில் நிற்கும் இன்னொரு ஓவியத்தால் அந்த உடை ஐரோப்பா முழுக்கக் குழந்தைகளின் உடையாயிற்று. 1848-இல் ஒரு படப் பத்திரிகை வெளியிட்ட கிறிஸ்துமஸ் மரக் காட்சியும் அப்படியே பரவியது.

அந்தப் படங்களுக்கு நேர் எதிரான சான்றாக இன்று எல்லாரும் காட்டுவது விக்டோரியா தன் மூத்த மகளுக்கு எழுதிய கடிதங்களை. பிறந்த குழந்தைகள் தவளை மாதிரி அருவருப்பாக இருக்கின்றன, பிள்ளைப்பேறு பெண்ணை விலங்காக்குகிறது என்றெல்லாம் அவற்றில் மனம்விட்டு எழுதியிருக்கிறார். இரண்டாவது மகள் ஆலிஸ் தன் குழந்தைக்குத் தானே பாலூட்டியது தெரிந்ததும், பால்பண்ணைப் பசு ஒன்றுக்கு ஆலிஸ் என்று பெயர் வைத்தார். ஆனால் இந்தக் கடிதங்கள் 1858-இல்தான் தொடங்குகின்றன. 1840-களின் நாட்குறிப்பில் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதைப் பார்க்கப் போகும், மடியில் வைத்துக் கொஞ்சும் ஒரு தாய் தெரிகிறார். அந்த நாட்குறிப்போ அப்படியே நம் கைக்கு வரவில்லை. கடைசி மகள் பியாட்ரிஸ், தாயின் கட்டளைப்படி, தொகுதி தொகுதியாகச் சுருக்கிப் படியெடுத்துவிட்டு, மூலத்தை எரித்தார். பல ஆண்டுகள் நடந்த வேலை அது. திருமணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னதற்காக, மாதக் கணக்கில் தாய் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் சீட்டில் எழுதியே செய்தி அனுப்பியதை அனுபவித்த மகள் அவர். அவர் கை எதை வைத்தது, எதை விட்டது என்பதை மனத்தில் கொண்டுதான் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

விக்கிக்கு வருவோம். 14 வயதில் பிரஷ்ய இளவரசர் ஃபிரெடரிக் வில்ஹெல்முக்கு நிச்சயம் செய்யப்பட்டாள். திருமணம்வரை மாலையில் ஒரு மணி நேரம் ஆல்பர்ட்டே அவளுக்குப் பாடம் நடத்தினார். வரலாறு, அரசியல், ஜெர்மன் நூல்களின் மொழிபெயர்ப்பு. தந்தை மகளிடம் கட்டிய நம்பிக்கை மிகப் பெரியது: அவள் போய்ப் பிரஷ்யாவைத் தாராளப் போக்குள்ள நாடாக்க வேண்டும். 1858 ஜனவரியில், 17 வயதில், அவள் பெர்லின் போனாள். மறு ஆண்டு ஜனவரி 27-இல் பிட்டம் முன்னே வந்த பிரசவத்தில் மகன் வில்ஹெல்ம் பிறந்தான். வெளியே எடுத்தபோது இடது தோளின் நரம்புகள் அறுபட்டன. கை சரியாக வளரவில்லை.

அந்தக் கையை அவர்கள் படுத்திய பாடு படிக்கவே கடினமானது. அப்போதுதான் வெட்டிய முயலின் சூடான உடலுக்குள் கையை நுழைத்து வைத்தார்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள். சூம்பிய கையைப் பயன்படுத்த வைப்பதற்காக நல்ல கையை உடலோடு சேர்த்துக் கட்டினார்கள். கழுத்து சாய்ந்ததால் தலையை நிமிர்த்த ஒரு கருவி பூட்டினார்கள். பின் கத்தி வைத்தார்கள். இவை வைத்தியர்கள் சொல்லிச் செய்தவை. விக்கி அழுதுகொண்டேதான் இவற்றைத் தாய்க்கு எழுதினாள். ஆனால் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்ததில் அவளுடைய கையும் இருந்தது. 1866-இல், 21 மாதக் குழந்தை சிகிஸ்முண்டை அவள் பறிகொடுத்த அதே ஆண்டில், ஹின்ஸ்பீட்டர் என்பவர் வந்தார். பாராட்டு என்பதே கிடையாது. காலை ஆறு மணிக்குப் பாடம் தொடங்கும், மாலை வரை நீளும். ஒரு கையால் சமநிலை கிடைக்காத எட்டு வயதுப் பையனை அங்கவடி இல்லாத குதிரையில் ஏற்றுவார். விழுவான். அழ அழ மறுபடி ஏற்றுவார். மகன் ஒரு நாள் தாத்தா ஆல்பர்ட்டைப் போல் ஆவான் என்று விக்கி காத்திருந்தாள். வளர்ந்த மகன் ஆசையாக எழுதிய கடிதங்களுக்கு அவள் பிழை திருத்தி அனுப்பினாள். இதில் கொடுமை செய்யும் எண்ணம் துளியும் இல்லை. அவளுக்குத் தெரிந்த அன்பின் வடிவம் அதுவாக இருந்தது. மாலை ஒரு மணி நேரப் பாடத்தில் அவள் தந்தையிடம் பெற்ற அன்பும் அதே வடிவத்தில்தான் வந்தது.

1888-இல் கணவர் 99 நாள் மட்டும் ஆண்டுவிட்டு இறந்தபோது, மகனின் படைவீரர்கள் அரண்மனையை வளைத்துக்கொண்டு தாயின் காகிதங்களைத் தேடினார்கள். 1901-இல் அவள் மரணப் படுக்கையில் கிடந்தபோது, அவள் கடிதங்களை ஆங்கிலேய அதிகாரி ஒருவர் பெட்டிகளில் அடைத்துத் தன் சாமான்போல் கடத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பெர்ட்டியின் வீடு வேறு மாதிரி. 1861-இல் அயர்லாந்து ராணுவ முகாமில் ஒரு நடிகையோடு அவருக்கு உறவு ஏற்பட்டதைக் கேள்விப்பட்டு, உடல்நலமில்லாத ஆல்பர்ட் மகனைக் கண்டிக்க அவர் படித்துவந்த கேம்பிரிட்ஜுக்குப் போனார். மூன்று வாரத்தில் இறந்தார். டைபாய்டு என்றார்கள் மருத்துவர்கள். மகன்தான் காரணம் என்றார் விக்டோரியா, பல ஆண்டுகள். அந்தப் பழியைச் சுமந்தவர், டென்மார்க் இளவரசி அலெக்ஸாண்ட்ராவை மணந்து பெற்ற பிள்ளைகளில் பிழைத்த ஐந்து பேரையும் ஓட, கத்த, உணவு மேசையில் ஏற விட்டார். பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. ஒழுங்காக வளர்க்கப்படாத பிள்ளைகள் என்று எழுதினார். பாட்டி சொன்னதில் நியாயமும் இருந்தது. மகன் ஜார்ஜ் பிற்காலத்தில் மன்னரானபோது அயல்மொழி எதையும் சரளமாகப் பேசத் தெரியாதவராக இருந்தார். ஆனால் நாம் இருவரும் தந்தை மகனைவிடச் சகோதரர்கள் மாதிரி என்று அந்த மகனுக்குத் தந்தை எழுத முடிந்தது. அப்படி ஒரு கடிதம் ஆல்பர்ட்டிடமிருந்து பெர்ட்டிக்கு வந்ததில்லை.

கதையை இங்கே முடித்தால் அழகாக இருக்கும். சான்றுகள் விடவில்லை. அவ்வளவு பாசத்தில் வளர்ந்த ஜார்ஜ் தன் மகன்களிடம் கண்டிப்பான தந்தையாக நடந்துகொண்டார். இரண்டாவது மகன் ஆல்பர்ட்டுக்கு, பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னர், முழங்கால் சேர்ந்திருந்ததால் சட்டம் கட்டினார்கள். இடதுகைப் பழக்கத்தை மாற்றி வலதுகையால் எழுத வைத்தார்கள். பேச்சு திக்கியது. பிள்ளைகளின் பாடவேளை மறுபடி இறுகிவிட்டது. தாத்தாவின் வீட்டிலிருந்து பேரனுக்கு எது எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதற்கு நேர்கோடு போட முடியாது; கடற்படைக் கப்பலில் 12 வயதில் சேர்க்கப்பட்டு, அதன் ஒழுங்கையே வாழ்க்கையின் ஒழுங்காக ஜார்ஜ் எடுத்துக்கொண்டதும் இதில் பெரும் பங்கு வகித்திருக்கும் என்பது என் கணிப்பு.

1901 மார்ச்சில் ஜார்ஜும் மனைவி மேரியும் ஓஃபீர் என்ற கப்பலில் பேரரசைச் சுற்றிவரக் கிளம்பினார்கள். கொழும்பு, கண்டி, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா என்று நவம்பர் வரை நீண்ட பயணம். நான்கு பிள்ளைகளையும் தாத்தா பாட்டியிடம் விட்டுப்போனார்கள். விக்டோரியா ஜனவரியில் இறந்திருந்தார். தாத்தா பெர்ட்டி இப்போது ஏழாம் எட்வர்ட் மன்னர், வயது 59. உணவு மேசையில் பேரப்பிள்ளைகளின் கும்மாளம் நீளும். பாட நேரமாகிவிட்டது என்று வீட்டு ஆசிரியை வாசலில் வந்து நிற்பார். இருக்கட்டும், கொஞ்ச நேரம் கழித்துப் போகட்டும் என்று அரசர் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். சாண்ட்ரிங்ஹாமுக்குக் குழந்தைகளை அழைத்துப் போனபோது, ஆசிரியையை லண்டனிலேயே விட்டுவிட்டுப் போனார்.